பத்து டொமைன் வாங்கினால் கூட்டம் வருமா?

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். கடைப் பெயரை மாற்றியதால் வெப்சைட்டையும் புது டொமைனுக்கு மாற்றுகிறோம். ‘மதுரை சுங்குடி’, ‘காட்டன் சேலை’ என்றெல்லாம் பெயர் வரும்படி பத்து டொமைன் வாங்கி, எல்லாவற்றையும் புது சைட்டுக்கு ரீடைரெக்ட் செய்தால் கூகுளில் மேலே வரலாம் என்கிறார் சைட் செய்து தருபவர். யாரோ புதுப்பிக்காமல் விட்ட பழைய டொமைன் ஒன்றையும் வாங்கச் சொல்கிறார். செய்யலாமா ஐயா?

– ஒரு வாசகி

பதில்: பத்து டொமைன் வேண்டாம் அம்மா. ஒரு முகவரிக்கு வந்தவரை இன்னொரு முகவரிக்கு அனுப்பிவைப்பதுதான் ரீடைரெக்ட். நேற்று பதிவு செய்த டொமைனுக்கு யாரும் வருவதில்லை; வேறு எந்த சைட்டும் அதற்கு லிங்க் கொடுத்திருக்காது. வராத ஆளை எங்கே அனுப்புவது? தேடல் முடிவிலும் போய்ச் சேரும் முகவரிதான் பொதுவாகத் தெரியுமே தவிர, திருப்பிவிடும் முகவரி தெரியாது. தேடும் சொல்லே டொமைன் பெயராக இருந்தால் மேலே வந்துவிடலாம் என்ற காலமும் போய்விட்டது. அப்படிப் பெயரை மட்டும் நம்பிய தரமற்ற சைட்டுகளைக் கீழே இறக்க 2012 செப்டம்பரிலேயே கூகுள் மாற்றம் கொண்டுவந்தது.

பழைய டொமைன் இன்னும் ஆபத்து. தேடலில் முன்னே வருவதற்காகவே காலாவதியான டொமைனை வாங்கி, உருப்படி இல்லாத பக்கங்களை ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது. முன்பு வைத்திருந்தவர் அதில் என்ன நடத்தினார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அந்தக் காசைச் சேலைகளை நன்றாகப் படமெடுக்கச் செலவிடுங்கள்.

இரண்டு மூன்று டொமைன் வாங்குவது நியாயம்தான். புதுப் பெயருக்கு டாட் காம், டாட் இன் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரில் சுங்குடி இருந்தால், அதை ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டும் எழுதுகிறார்கள், ‘சிஎச்’ போட்டும் எழுதுகிறார்கள். போனில் பெயரைக் கேட்டுவிட்டு டைப் செய்பவர் தடுமாறுவார். அவருக்காக ஒரு ரீடைரெக்ட் போதும்.

உங்களுக்கு உண்மையான கூட்டம் இருப்பது பழைய சைட்டில். கோயம்புத்தூரில் ஒருவர் உங்கள் சிவப்புச் சுங்குடியின் லிங்க்கை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். அந்த அக்கா ஆறு மாதம் கழித்து அதைத் தொட்டால், புது சைட்டில் அதே சேலை திறக்க வேண்டும். முகப்புப் பக்கம் திறந்தால் தேடிப் பார்க்கப் பொறுமை இருக்காது, மூடிவிடுவார். எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால், கூகுளும் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே பழைய பக்கங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு ‘301’ ரீடைரெக்ட் செய்யச் சொல்லுங்கள். அது நிரந்தர மாற்றத்துக்கு உரியது, ‘302’ தற்காலிகத்துக்கு. ஒரு திருப்பம் இன்னொரு திருப்பத்துக்குப் போய், பிறகுதான் பக்கம் திறக்கும்படி விடாதீர்கள். நேராகப் போய்ச் சேரட்டும். கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ கருவியில் முகவரி மாற்றத்தையும் தெரிவித்துவிடுங்கள்.

இந்த ரீடைரெக்ட்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. நான் சொல்வது, உங்கள் பழைய டொமைனைக் கைவிடவே கைவிடாதீர்கள். அதன் பெயரில் உங்களுக்கு இமெயில் முகவரி இருந்தால், நாளை அந்த டொமைனை வாங்குபவர் அதற்கு வரும் கடிதங்களைப் பெற முடியும்; அந்த முகவரியில் நீங்கள் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றவும் முயலலாம். வருடச் சந்தாவை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள், சைட் செய்து தருபவர் பெயரில் வேண்டாம்.