வேரைப் பார்த்துக் கன்று வாங்குவோம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

முன்னுரை

ஓங்கி வளரும் மரத்தைச் சிறு தொட்டியில் பல்லாண்டுகள் வளர்த்து, முதுமரத்தின் தோற்றத்தைத் தருவதே ‘போன்சாய்’ என்னும் குறுமரக் கலை. சீனாவில் தோன்றிய இக்கலை ஜப்பானில் செழித்தது. இதைப் பற்றிய நூல்களைப் புரட்டினால், பூத்துக் குலுங்கும் செர்ரி மரம் நம் உள்ளத்தைக் கவர்ந்துவிடும். அதை நம் திண்டுக்கல்லில் வளர்க்க இயலுமா? எத்தகைய கன்றை வாங்க வேண்டும்? மல்லிகை பயிரிடும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். ஒரு கன்றின் விலை எங்கள் வீட்டில் சிறு தொகையன்று. ஆகவே இவ்வினாக்களை ஆராய விழைகிறேன்.

செர்ரியும் குளிரும்

பூச்செர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். அதன் மொட்டுகள் விழித்தெழ, ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த குளிர் பல வாரங்கள் வேண்டும். நம் சமவெளியில் மார்கழி இரவிலும் அத்தகைய குளிர் இல்லை. ஷில்லாங்கில் நவம்பரில் பூக்கும் இமயச் செர்ரியும் மலைவாழ் மரமே. செர்ரியின் நெருங்கிய உறவான பிளம்ஸ்கூட நம் மாவட்டத்தில் கொடைக்கானல் மலையில்தான் காய்க்கிறது. எனவே, படத்தை நம்பிச் செர்ரிக் கன்றை இங்கே வாங்குவது பணத்தையும் ஓர் உயிரையும் வீணாக்குவதாகும்.

வரலாறு தரும் பாடம்

1910-ஆம் ஆண்டு டோக்கியோ நகரம் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்கு 2,000 செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. சோதித்தபோது அவற்றில் பூச்சிகளும் நூற்புழுக்களும் காணப்பட்டன. எல்லாவற்றையும் தீயிட்டு அழித்தனர். பின்னர் நல்ல கன்றுகளைக் கவனமாக உருவாக்கி, 1912-இல் 3,020 மரங்களை அனுப்பினர். அவையே அந்நகரின் புகழ்பெற்ற செர்ரி வரிசைக்கு வித்திட்டன. அரசாங்கங்களே வேரைச் சோதித்தன என்றால், நாம் சோதிக்க வேண்டாமா?

கன்றில் காண வேண்டியவை

1. வேர்: மேல்மண்ணை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். வேர்கள் நாற்புறமும் பரவியிருப்பது நன்று. பைக்குள்ளேயே சுருண்டு தண்டை நெரிக்கும் வேரும், நூற்புழுவால் முடிச்சு விழுந்த வேரும் ஆகா.

2. அடித்தண்டு: அடி பருத்து, மேலே செல்லச் செல்ல மெலிந்திருக்க வேண்டும். உயரத்திற்காக அதிக விலை தர வேண்டியதில்லை; உயரத்தை எப்படியும் வெட்டிவிடுவோம்.

3. ஒட்டு: பூச்செர்ரி பெரும்பாலும் ஒட்டுக்கன்றாகவே வரும். ஒட்டுப் போட்ட இடம் வீங்கியோ, மேலும் கீழும் பட்டை வேறுபட்டோ இருந்தால், வயது ஏற ஏற அது பெரிதாகத் தெரியும்.

4. கிளை: தாழ்ந்த கிளைகள் தேவை. பெரிய கிளையை வெட்டினால் செர்ரியின் காயம் எளிதில் ஆறாது, பிசின் வடியும்.

பூவை இப்பட்டியலில் சேர்க்கவில்லை. பூ வாடும், மீண்டும் வரும்; கெட்ட அடித்தண்டு மாறாது. மல்லிகைப் பதியன் வாங்கும் என் தந்தையும் அரும்பைப் பார்த்து மயங்குவதில்லை. வேரைத் திருப்பிப் பார்த்த பிறகே விலை பேசுவார். பாடநூல் கூறுவதும் அதுவே என்றறிந்து மகிழ்ந்தேன்.

நம் மண்ணுக்கு ஏற்றது

செர்ரி என்ற பெயரிலேயே நம் வெப்பத்தைத் தாங்கும் செடி ஒன்று உண்டு. அதுவே மேற்கிந்தியச் செர்ரி. ரோஜாக் குடும்பமன்று, மால்பீஜியா இனம். சிற்றிலை, இளஞ்சிவப்புப் பூ, வைட்டமின் சி நிறைந்த செங்கனி ஆகியவை உடையது. கத்தரிப்பையும் தாங்கும். தண்டுக் குச்சியிலிருந்தே வளர்வதால் ஒட்டுத் தழும்பும் இராது. ஆனால் நூற்புழு இதன் வேரையும் தாக்கும், வேர்ச்சோதனை கட்டாயம். தேன்பழ மரத்தையும் சிலர் செர்ரி என்பர். அது பெரிய இலையுடன் விரைந்து வளர்வது. குறுமரத்துக்கு அவ்வளவாக ஏற்றதன்று. பெயரைக் கேட்டதோடு நில்லாமல் இலையையும் பார்க்க வேண்டும்.

செலவே செய்ய இயலாதவர்க்குப் புளியும் ஆலும் உள்ளன. சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றும் அழகிய குறுமரமாகும். கன்று ஐப்பசி மழையில் வேர்கொண்டு நிலைத்தால், கோடையைத் தாங்கும் வலிமை பெறும். ஆடிக் காற்றில் சிறு தொட்டி விரைந்து உலரும், நீரூற்ற மறத்தலாகாது.

முடிவுரை

குறுமரம் பட்டினி போட்டுக் குட்டையாக்கிய மரமன்று. நாள்தோறும் பேணி வளர்த்த மரம். அது பல்லாண்டு உழைப்பைக் கேட்கும். அவ்வுழைப்பு வீணாகாதிருக்க, வாங்கும் நாளில் ஐந்து நிமிடம் குனிந்து வேரைப் பார்ப்போமாக!