விநியோகச் சங்கிலியும் அதனைக் கற்குமாறும்

நாம் அன்றாடம் நுகரும் பொருள்கள் நம் கையில் வந்து சேருமுன் எத்தனை கைகள் மாறுகின்றன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. விடுதியிற் காலையிற் பரிமாறப்படும் இட்டலிக்குரிய அரிசி, களத்தினின்றும் ஆலைக்கும், ஆலையினின்றும் மொத்த வணிகர் கிடங்கிற்கும், அங்கிருந்து கடைக்கும், கடையிலிருந்து நம் சமையற்கட்டிற்கும் வந்துள்ளது. இவ்வழியில் ஓரிடத்து ஒரு தடை நேர்ந்தால் மட்டுமே அப்படி ஒரு வழி உண்டு என்னும் நினைவு நமக்கு வருகின்றது. இவ்வழி முழுவதையும் ஒன்றாக நோக்கி நடத்துங் கலையை இக்காலத்தார் விநியோகச் சங்கிலி மேலாண்மை என்பர். தமிழ் இலக்கியம் பயிலும் உமக்கு இதனோடு என்ன உறவு என்று எம் ஆசிரியர் ஒருவர் நகைத்து வினவினார். அதற்குரிய விடை இக்கட்டுரையிற் பின்னர் வரும்.

இக்கலை பழையது, பெயர்தான் புதியது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் ஏற்றுமதிப் பண்டங்களையும் இறக்குமதிப் பண்டங்களையும் அளந்து புலிப்பொறி இட்டுக் காத்தமையைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. ‘விநியோகச் சங்கிலி மேலாண்மை’ என்னும் ஆங்கிலத் தொடரோ, கீத் ஆலிவர் என்னும் ஆலோசகர் 1982-ஆம் ஆண்டில் இலண்டனின் பைனான்சியல் டைம்ஸ் இதழுக்கு அளித்த பேட்டியின் வாயிலாக உலகிற்கு அறிமுகமாயிற்று. சொல்லாராய்ச்சியில் ஆசையுடைய எமக்கு இப்பெயரில் ஒரு குறையும் தோன்றுகின்றது. சங்கிலி என்றால் ஒரு கண்ணிக்கு முன்னொன்றும் பின்னொன்றுமே உண்டு. ஆனால் ஒரு மொத்த வணிகர்க்குப் பின்னே பத்து ஆலைகளும் முன்னே நூறு கடைகளும் உள. வலை என்பதே பொருந்தும். எனினும் வழங்கிவிட்ட சொல்லை மாற்றுதல் எம்மால் ஆவதன்று.

இத்துறையின் முதற்பாடமாகக் கல்லூரிகளில் இன்றுங் கற்பிக்கப்படுவது 1913-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் போர்டு ஹாரிஸ் என்பவர் ஓர் இதழில் எழுதிய சிறு கட்டுரையிலுள்ள கணக்காகும். அவர் உயர்நிலைப் பள்ளிக்கு மேற்பட்ட முறையான கல்வி பெறாதவர் என்பது பட்டத்தையே பெரிதாக மதிக்கும் நாம் நினைவில் வைக்கத்தக்கது. அவர் வினா இது: ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது? அடிக்கடி வாங்கினால் வாங்குஞ் செலவு மிகும்; ஒருமிக்க வாங்கினால் காக்குஞ் செலவு மிகும். ஆண்டுக்கு 3,600 மூட்டை விற்கும் ஒரு கடையில் ஒரு முறை கொள்முதல் செய்ய 200 ரூபாயும், ஒரு மூட்டையை ஓராண்டு வைத்துக் காக்க 16 ரூபாயும் ஆகும் என்று கொள்வோம். 3,600-ஐ 200-ஆற் பெருக்கி, மீண்டும் இரண்டாற் பெருக்கி, 16-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 300 வரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை, முறைக்கு 300 மூட்டை. அப்பொழுது கொள்முதற் செலவு 2,400 ரூபாய். சராசரிக் கையிருப்பாகிய 150 மூட்டைகளைக் காக்குஞ் செலவும் 2,400 ரூபாய். இரு தட்டும் சமமாய் நிற்குமிடத்திலேயே மொத்தச் செலவு மிகக் குறைவு. விற்பனை நான்கு மடங்கானால் வாங்கும் அளவு நான்கு மடங்காக வேண்டுவதில்லை. இரு மடங்கே போதும். கணிதத்திற்கு அஞ்சித் தமிழ் வகுப்பிற் புகுந்த யாமே இதனை ஒரு மாலையிற் கற்றுக்கொண்டோம்.

தொழிற்கல்வியாக இதனை வளர்த்தவை சங்கங்களே. பிரிட்டனில் 1932-ஆம் ஆண்டிற் கொள்முதல் அதிகாரிகள் சங்கம் தோன்றியது. அதன் வழிவந்த நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றது. அமெரிக்காவில் 1957-இல் உற்பத்திக்கும் கையிருப்பிற்குமாக எழுந்த சங்கம் 1973 முதல் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 1963-இல் அங்குத் தோன்றிய மற்றொரு மன்றம் முதலிற் ‘பொருட்பகிர்வு’ என்றும், 1985-இல் ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றும், 2005-இல் ‘விநியோகச் சங்கிலி’ என்றும் தன் பெயரையே இருமுறை மாற்றிக்கொண்டது. லாரியும் கிடங்குமாக இருந்த எண்ணம் முழு வழியாக விரிந்த வரலாற்றை இம்மூன்று பெயர்களே உரைக்கின்றன. நம் நாட்டில் வதோதராவிலுள்ள கதி சக்தி பல்கலைக்கழகம் 2022-இல் இத்துறைக்கென மத்தியப் பல்கலைக்கழகமாக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2016-இல் ஐந்து பாடங்களும் ஓர் இறுதித் தேர்வும் கொண்ட தொடரொன்றை இணையவழி எவரும் கற்குமாறு திறந்தது. இவற்றின் பாடநூல்களுட் சிலவற்றை யாம் புரட்டிப் பார்த்தோம். முதலெழுத்துச் சுருக்கங்களை மனனஞ் செய்விக்கும் பக்கங்கள் வேண்டுமளவிற்கு மேல் உள என்பது எம் கருத்து.

நிற்க. இக்கல்வியில் எம்மை ஈர்த்தது ஒரு விளையாட்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பாரஸ்டர் என்னும் பேராசிரியரைச் சூழ்ந்தோர் 1960-ஆம் ஆண்டையொட்டி இதனை அமைத்தனர். அதன் பெயர் ‘பீர் விளையாட்டு’. அப்பெயருடன் இதனை நம் விடுதிக்குட் கொணர்தல் இயலாதாகையால், வணிகவியல் பயிலும் நண்பர் ஒருவர் அதனைப் பன்னீர் சோடா விளையாட்டாக மாற்றினார். புளியங்கொட்டைகள் பெட்டிகளாயின. ஆடுவோர் நால்வர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வணிகர், பகிர்வாளர், ஆலையார். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தமக்கு முன்னிருப்பவர் கேட்டதை அனுப்பித் தமக்கு வேண்டியதைப் பின்னிருப்பவரிடம் சீட்டெழுதிக் கேட்க வேண்டும். சீட்டுச் செல்லவும் நாள் ஆகும். பொருள் வர மேலும் இரண்டு வாரம் ஆகும். ஒருவரோடொருவர் பேசலாகாது. வாடிக்கையாளர் கேட்பது எவ்வளவு என்பதைக் கடைக்காரர் ஒருவரே அறிவார். மிஞ்சிய பெட்டி ஒன்றுக்கு வாரம் அரை ரூபாயும், கொடுக்க இயலாத பெட்டி ஒன்றுக்கு ஒரு ரூபாயும் நட்டக் கணக்கில் ஏறும்.

எமக்கு ஆலையார் பதவி வாய்த்தது. முதல் நான்கு வாரம் அமைதியாய்க் கழிந்தன. வாரந்தோறும் நான்கு பெட்டி வந்தது, நான்கு பெட்டி போயிற்று. பின்னர்க் கடைக்காரரின் முகம் வாடத் தொடங்கியது. எட்டாம் வாரத்தில் அவர் அலமாரி வெறுமையாயிற்று. அவர் பன்னிரண்டு கேட்டார். வாராமையாற் பதினாறு கேட்டார். மொத்த வணிகர் அதனைக் கண்டு இருபத்துநான்கு கேட்டார். பகிர்வாளர் முப்பது கேட்டார். யாம் ஊரிலே சோடாவிற்குப் பெருந்தாகம் பிறந்துவிட்டதென்று களித்து ஒரே வாரத்தில் நாற்பத்துநான்கு பெட்டி செய்தோம். அப்பெட்டிகள் யாவும் ஒருங்கே சென்று சேர்ந்த வாரங்களிற் கேட்பார் ஒருவருமில்லை. தொடர்ந்து பல வாரம் எமக்கு வந்த சீட்டுகளிற் சுழியமே எழுதியிருந்தது. முப்பத்தாறாம் வாரத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கணக்கிட்ட பொழுது நால்வர் நட்டமும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாயைக் கடந்தது.

அப்பொழுது நண்பர், வாடிக்கையாளர் வாரந்தோறும் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரைந்து காட்டும்படி எம் மூவரையும் பணித்தார். மூவரும் மலையும் மடுவுமாக வரைந்தோம். அவர் சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் நான்கு வாரம் நான்கு. ஐந்தாம் வாரந் தொட்டு இறுதிவரை எட்டு. அவ்வளவே. ஊரின் தாகம் ஒருமுறை மாறியது, பின் மாறவேயில்லை. மலையையும் மடுவையும் படைத்தவர் நாங்களே. அதற்குள் பகிர்வாளராயிருந்த தோழர், மொத்த வணிகரை மூடர் என்று இருமுறை சொல்லியாயிற்று. அவ்விருவரும் மறுநாட் காலைவரை பேசிக்கொள்ளவில்லை.

இஃது எம் விடுதியாரின் அறியாமை மட்டுமன்று. ஜான் ஸ்டெர்மன் என்னும் பேராசிரியர் பல குழுக்களை இவ்வாறு ஆடச்செய்து 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆடினோர் அடைந்த நட்டம் அடைந்திருக்கக்கூடிய மிகக் குறைந்த நட்டத்தினும் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று கண்டார். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தார் தம் பாம்பர்ஸ் என்னும் குழந்தையரைத் துணிகளின் கணக்கை ஆராய்ந்தபோதும் இதுவே புலப்பட்டது. குழந்தைகள் அவற்றை ஒரே சீராகவே நனைத்துக்கொண்டிருந்தன. கடை விற்பனையும் பெரிதும் மாறவில்லை. ஆயினும் பகிர்வாளரின் கேட்புகள் மிகவும் ஏறி இறங்கின. சாட்டையின் பிடியிற் கை சிறிது அசைய, நுனி பெரிதாய் வீசுதல் போன்றதாகலின் இதனைச் சாட்டையடி விளைவு என்பர். ஹவ் லீ முதலிய மூவர் 1997-இல் இதற்கு நான்கு காரணங்கள் கூறினர். வந்த கேட்பைக் கொண்டே வருங்கேட்பை மதிப்பிடுதல், பலநாட் கேட்பை ஒரே சீட்டாகத் திரட்டுதல், தள்ளுபடியால் விலை ஏறியிறங்குதல் என்னும் மூன்றையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நான்காவதே எம் நெஞ்சைத் தொட்டது. பொருள் தட்டுப்படுங்கால் விற்போர் பங்கிட்டுக் கொடுப்பர். அதனை அறிந்து வாங்குவோர் வேண்டுவதினும் மிகுத்துக் கேட்பர். தட்டுப்பாடு நீங்கியதும் அப்பொய்க் கேட்பு முழுவதும் மெய்ப்பொருளாய் வந்து இறங்கும்.

எம் தந்தையார் தென்மாவட்டத்து ஊரொன்றில் ஒரு மொத்த வணிக நிலையத்திற் பதினெட்டாண்டு கிடங்குக் காப்பாளராய் இருந்தவர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபொழுது கைகளுக்கான சானிடைசரை எல்லாக் கடைகளும் கேட்டன. அவர் நூறு பெட்டி எழுதினார், முப்பது வந்தது. முந்நூறு எழுதினால் நூறு வரும் என்று முதலாளியும் அவரும் சேர்ந்தே முந்நூறு எழுதினர். மற்ற ஊர்க்காரரும் அவ்வாறே எழுதினர் போலும். ஆண்டிறுதியில் எழுதிய யாவும் வந்து கிடங்கை நிறைத்தன. அடுத்த ஆண்டில் அவற்றைத் தொடுவாரில்லை. காலாவதி நாள் மட்டும் நெருங்கிற்று. சீட்டில் இருந்த கையெழுத்து எம் தந்தையாருடையது. கணக்குத் தெரியாதவன் என்று சொல்லி அவரை வேலையினின்றும் நீக்கினர். அவர் மறுமொழி சொல்லவில்லை. உண்மை உரைப்பின், பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த யாமும் அவ்வுரையை நம்பினோம். சில திங்கள் அவரிடம் மரியாதைக் குறைவாகவும் நடந்தோம். ஆசிரியரின் வினாவிற்கு இதுவே விடை.

அமைப்பின் மேற் பழிசுமத்தி ஆட்களை முற்றும் விடுவித்தல் எம் நோக்கமன்று. முந்நூறு என்னும் எண்ணில் இருநூறு பொய் என்று எம் தந்தையார் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, தட்டுப்பாடு தளர்ந்த வாரமே சீட்டை நீக்கியிருக்கலாம். அவ்வாறு செய்தல் வேண்டும் என்று அவருக்குக் கற்பித்தார் எவருமிலர். தொழிற்பயிற்சி மேலாளர்க்கு மட்டும் உரியதாக நின்று, சீட்டெழுதுங் கைகளுக்கு எட்டாது போவதே இக்கல்வியின் பெருங்குறை என்று யாம் துணிகின்றோம்.

பரிகாரம் இல்லாமலில்லை. வழியின் கடைமுனையில் மெய்யாக நுகரப்பட்டது எவ்வளவு என்பதை வழியிலுள்ளோர் யாவரும் காணுமாறு செய்தலே அதன் வேர். நம் மாநிலத்தில் 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதற்கு அருகிலுள்ள சான்று. மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியிற் போல ஒரு பாஸ்புத்தகம் கொடுத்து, அதில் ஒதுக்கிய தொகைக்குள் வேண்டுவதை எடுக்கச் செய்தனர். கிடங்குக் கணக்குகள் கணினியில் ஏறியமையால் எங்கு மிகுதி, எங்குக் குறைவு என்பதைத் தலைமையிடத்தார் கண்டு, ஓரிடத்து மிகுந்ததை மற்றோரிடத்திற்கு மாற்ற இயன்றது. கேரளமும் இராசத்தானும் பின்னர் இம்முறையைத் தழுவின.

சென்ற விடுமுறையில் அந்தப் புளியங்கொட்டைகளை ஊருக்கு எடுத்துச் சென்றோம். வீட்டார் நால்வரும் அமர்ந்தோம். கடைக்காரர் பதவியைத் தங்கைக்குக் கொடுத்து அவளைத் திண்ணையில் இருத்தினோம். தந்தையார் கூடத்தில் மொத்த வணிகராய் அமர்ந்தார். ஐந்து வாரம் ஒன்றும் பேசாது ஆடினார். ஆறாம் வாரத்திற் சீட்டில் எண் ஏறக் கண்டு, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “கடையில் வாங்குகிறவர்கள் உண்மையில் எத்தனை கேட்கிறார்களாம்?” என்றார். ஆட்ட விதிப்படி அதனைச் சொல்லலாகாது என்றோம்.

“அப்படியானால் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லித் துண்டை உதறித் தோளிலிட்டு, திண்ணையை நோக்கி நடந்தார்.