பாற்பல் சொத்தையும் அடைப்புப் பொருள்களும்

"விழப்போகிற பல்லுக்கு வைத்தியம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் எங்கள் கோலார் தங்கவயலில் பலர் உளர். அக்கேள்விக்குப் பல் மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில் விடை கூற முற்படுகிறேன்.

பாற்பற்கள் 20. அவற்றுள் பின்கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் நிற்பவை. பாற்பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளிருக்கும் கூழோ பெரியது. ஆதலின் சொத்தை விரைந்து நரம்பை எட்டுகிறது. பல்லை முன்னதாகவே பிடுங்கிவிட்டால், அண்டைப் பல் நகர்ந்து, பின்னர் முளைக்கும் நிலைப்பல்லின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்.

இனி அடைப்புப் பொருள்களைக் காண்போம்.

முதலாவது அமால்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தில் குழைத்தது. இதில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. அரைத்த பாறைத்தூளிலிருந்து பொன்னைப் பற்றியெடுக்கத் தங்கவயல் ஆலைகளில் முன்னாளில் பயன்பட்டதும் இதே பாதரசந்தான்! அமால்கம் உறுதியானது, மலிவானது. ஆனால் தானாகப் பல்லில் ஒட்டாது. அது நிற்பதற்காக நல்ல பல்லையும் சிறிது குடைய வேண்டும். மேலும், மினமாட்டா உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவர் இன்றியமையாதெனக் கருதினாலன்றி, பாற்பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டோர்க்கும் இதனைத் தவிர்க்குமாறு கூறுகிறது.

இரண்டாவது கிளாஸ் அயனோமர். வில்சன், கென்ட் எனும் ஆங்கில அறிஞர் இருவர் 1970களின் தொடக்கத்தில் உலகுக்கு அளித்தது. பல்லோடு தானே ஒட்டும்; ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடும். சுழல் கருவியின்றிக் கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி இதனை நிரப்பலாம். ஆயினும், இரு பற்கள் தொடும் பக்கத்தில் வைத்தால் எளிதில் உடையும்.

மூன்றாவது காம்போசிட் பிசின். ஒளியால் இறுகுவது, பல்லின் நிறத்தை ஒத்தது. ஆனால் உமிழ்நீர் பட்டால் பிடிப்புக் கெடும். அழும் பிள்ளையின் வாயை உலர வைப்பது எளிதா?

நான்காவது, அடைப்பன்று, பல்லின்மேல் கவிழ்க்கும் எஃகு உறை. ஸ்காட்லாந்தின் நார்னா ஹால் அம்மையார் ஊசியுமின்றிக் குடைதலுமின்றி இதனைப் பொருத்தினார். நரம்பைத் தொடாத சொத்தையை உறைக்குள் மூடிவிட்டால், கிருமிகள் உணவின்றி ஒடுங்குகின்றன. கடைவாய்ப் பாற்பற்களில் அடைப்பைவிட உறையே குறைந்த தொல்லை தருவதென 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் கண்டது.

இவற்றுள் எது சிறந்தது? சிறு குழிக்கு அயனோமர் போதும். முன்பல்லுக்குக் காம்போசிட் அழகு. பெருஞ்சொத்தை கண்ட கடைவாய்ப் பல்லுக்கு உறையே என் தேர்வு. காரணம் உண்டு. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயலார் பலர் விடியலிலேயே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். உடைந்த அடைப்பைத் திரும்ப வைக்க மறுமுறை வருவதென்றால் ஒருநாள் கூலி போயிற்று! ஆகவே, ஒரே அமர்வில் முடிந்து, பல் விழும்வரை நிலைப்பதே ஏழைப் பிள்ளைக்கு ஏற்ற மருத்துவம். எனினும், இரவில் தானாக வலித்தாலோ சீழ் கட்டினாலோ எந்த அடைப்பும் தனித்துப் பயன் தராது. நரம்புக்கே சிகிச்சை வேண்டும்.

தோழர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது தம்பி தங்கையரின் வாயைத் திறந்து பாருங்கள். கரும்புள்ளி கண்டால், வலி வரும்வரை காத்திராதீர்கள். குழி சிறிதாக இருக்கும்போதே செலவும் சிறிது, கண்ணீரும் சிறிது.