மனை வணிகத்துக்கு இணையதளம்: சாம்பிளும் மூடையும் ஒன்றாக இருக்கட்டும்



மளிகையிலும் மொத்த வியாபாரத்திலும் இருக்கும் நம்மவர் பலருடைய பிள்ளைகள் இன்று வீட்டுமனை, வீடு விற்பனைத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். இறங்கியதும் முதல் வேலையாக ஓர் இணையதளம் அமைக்கிறார்கள். அமைத்துக் கொடுப்பவர் கம்ப்யூட்டர் படித்தவர். ஆனால் அதில் எதை வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் வியாபாரிதான். பருப்பு, வற்றல் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் என் அக்காள் மகனின் மனை விற்பனை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியுடன் வாடகைக் காரில் நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தார். இணையதளத்தில் பார்த்த கிழக்குப் பார்த்த மனையைக் காட்டச் சொன்னார். அது விற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. "வேறு மனை காட்டுகிறேன் சார்" என்றான் மருமகன். "இருக்கிறது என்று போட்டதே இல்லை என்றால், மற்றதை எப்படி நம்புவது தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்துவிட்டார். கார் வாடகையையாவது கொடுக்கச் சொன்னேன். வாங்க மறுத்துவிட்டார். அவர் மனையில் போட இருந்தது ஆயுள் முழுவதும் சேர்த்த பணம். அவருக்கு வந்த சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாம் சாம்பிளைக் காட்டித்தான் மூடைக்கு விலை பேசுகிறோம். மூடையை அவிழ்த்ததும் சரக்கு வேறாக இருந்தால் திரும்பி வருகிறது. அந்தக் கடையிலிருந்து மறு ஆர்டர் வருவதில்லை. மனை வியாபாரிக்கு இணையதளம்தான் சாம்பிள். இதை மருமகனுக்குச் சொல்லி, இருவருமாக அந்தத் தளத்தைச் சீர்செய்தோம். அப்போது கற்றவை வருமாறு:

1. முகப்பில் விவரம்: முன்பு முகப்பில் கடவுள் படம், நிறுவனர் படம், ஓடும் எழுத்து எல்லாம் இருந்தன. மனையைக் காண மூன்று பக்கம் தள்ள வேண்டும். வாங்குபவர் பெரும்பாலும் செல்போனில்தான் பார்க்கிறார். ஊர், அளவு, விலை, தொடர்பு எண் ஆகிய நான்கும் முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். தமிழிலும் விவரம் இருக்கட்டும்.

2. அளவும் விலையும்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைப் பக்கம் சொல்லும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சென்ட், சதுர அடி இரண்டையும் போடுங்கள். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி என்று எழுதிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. சதுர அடி விலையோடு மொத்த விலையையும் எழுதி, முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு தனி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "விலைக்கு அணுகவும்" என்பது விலைச்சீட்டு இல்லாத கடை மாதிரி. பலர் உள்ளே வரவே கூசுவார்கள்.

3. படம்: எங்கோ வெளிநாட்டு மாளிகையின் படத்தைப் போட்டிருந்தான். எடுக்கச் சொன்னேன். மனையின் நான்கு எல்லை, முன்பாதை, மின்கம்பம், பக்கத்து வீடுகள் ஆகியவற்றை நேரில் எடுத்து, எடுத்த தேதியையும் போட வேண்டும். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். அளவைக் குறைத்து ஏற்றச் சொல்லுங்கள். "பஸ் நிலையம் 5 நிமிடம்" என்பதைவிட "2 கிலோமீட்டர்" என்பது நேர்மை.

4. ஆவணம்: சர்வே எண், சார்பதிவாளர் அலுவலகம், மனைப்பிரிவு அங்கீகார எண் மூன்றையும் எழுதுங்கள். பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் வாங்குபவரே அரசுத் தளங்களில் பார்த்துக்கொள்ள முடியும். பத்திர நகலை ஏற்றுவதானால் ஆதார் எண், கையெழுத்து, கைரேகை ஆகியவற்றை மறைத்துவிட்டு ஏற்றவும்.

5. சட்டம்: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவையும், எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியையும் ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. இணையதளமும் விளம்பரம்தான். பதிவு எண்ணும், ஆணையத்தின் இணைய முகவரியும் அதில் இருக்க வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொண்டால், கட்டிய தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அத்தகைய மனை, வீடுகளை விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

6. இருப்பு: கடையில் மாலையில் இருப்பைச் சரிபார்ப்பது போல, தளத்தையும் தினமும் சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். முன்பணம் வாங்கிய அன்றே "பேசி முடிந்தது" என்று போட வேண்டும். பத்திரம் பதிந்ததும் எடுத்துவிட வேண்டும். சரிபார்த்த தேதி பக்கத்தின் அடியில் இருக்கட்டும்.

7. சாவி: தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், வாடகைக் கடையின் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பது போலாகும். தளத்தின் பெயருக்குப் புதுப்பிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. அதை லைசென்ஸ் தேதியோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு, நாற்பது மனை இருந்த தளத்தில் பதினேழுதான் மிஞ்சியது. "மாமா, கடை காலியாகத் தெரிகிறதே!" என்று வருத்தப்பட்டான் மருமகன். "இருக்கிற சரக்கைத்தானப்பா காட்ட முடியும்?" என்றேன். இப்போது அழைப்புகள் முன்பைவிடக் குறைவு. ஆனால் கார் பிடித்து வருகிறவர் எந்த மனையைப் பார்க்க வந்தாரோ, அந்த மனை அங்கே இருக்கிறது. நம் பிள்ளைகளின் தளங்களையும் நாம் ஒருமுறை, வாங்க வந்தவர் கண்ணோடு பார்த்துவிடுவோம்.