கூத்துக்குக் கிரீடம் அடிக்க ஒரு உறிஞ்சுப் பெட்டி

மாசி மாதம் வந்தால் நம்ம தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் லயத்தில் உள்ள சின்னஞ்சிறுசுகள் எல்லாம் இஸ்தோப்பை விட்டு இறங்கிவிடும். ஆனால் மதனுக்கும் ரதிக்கும் கட்டுகிற கிரீடத்தைப் பாருங்கள். மரத்தில் செதுக்கினது என்றால் கனம். இரவு முழுக்க ஆடுகிற பொடியனுக்குக் கழுத்து வலி. மட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டினது என்றால் ஒரு பனிக்கே ஊறிப் போகிறது. வாடகைக்கு எடுப்பதென்றால் டவுனுக்குப் போய் முன்பணம் கட்ட வேண்டும். இந்த இதழில் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் போன்றவற்றைப் பிளாஸ்டிக் தகட்டில் நாமே வார்த்தெடுக்கும் முறையைப் படிப்போம். காமன் கம்பம் போன்ற சடங்குப் பொருள்களை இதில் சேர்க்க வேண்டாம். அவை வாத்தியார் சொல்கிறபடியே இருக்கட்டும்.

இந்த முறை புதிதல்ல. 1977ல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் வெள்ளைக் கவசம் போட்ட போர்வீரர்கள் வருவார்களே, அந்தக் கவசங்கள் இப்படிச் செய்யப்பட்டவைதான்.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினால் அப்பளம் போல இளகும். இளகின தகட்டை ஒரு அச்சின் மேல் போர்த்தி, அடியில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், மேலே உள்ள வெளிக்காற்று தகட்டை அச்சோடு சேர்த்து அழுத்திவிடும். அழுத்துவது மெஷின் இல்லை, நம்மைச் சுற்றியுள்ள காற்றுத்தான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். நுவரெலியா போல 6,000 அடிக்கு மேல் உள்ள இடங்களில் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வீடு கூட்டுகிற வெக்கியூம் கிளீனரால் முழுக் காற்றையும் இழுக்க முடியாது. சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் கிடைத்தாலே நமக்குப் போதும். 10 அங்குலம் நீளமும் 10 அங்குலம் அகலமும் உள்ள தகட்டில் அது 200 இறாத்தல், அதாவது 90 கிலோ. ஒரு ஆள் ஏறி நிற்பதைவிடக் கூட.

அதனால்தான் பெட்டி உறுதியாக இருக்க வேண்டும் என்கிறோம். முக்கால் அங்குல பிளைவுட்டில் 12 அங்குலச் சதுரமாக, உள்ளே 2 அங்குல ஆழத்துக்குப் பெட்டி அடியுங்கள். மேல் மூடிக்குத் தடித்த ஹார்ட்போர்ட். அதில் அங்குலத்துக்கு ஒன்றாக, 3 மில்லிமீற்றர் துளைகள். மூடி அமுங்கி உடையாமல் இருக்க உள்ளே நான்கு ஐந்து மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு துளை போட்டு வெக்கியூம் குழாயைச் செருகி டேப் சுற்றுங்கள். மூலைகளில் பசை தடவி, காற்றுப் போகாமல் புட்டி அப்ப வேண்டும். மூடியின் ஓரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால், சட்டம் வந்து உட்காரும்போது இறுக்கமாக இருக்கும்.

சட்டம் இரண்டு வேண்டும். வெளியளவு 12 அங்குலம், உள்திறப்பு 10 அங்குலம். அலுமினியத்தில் செய்தால் நல்லது, மரமும் தாங்கும். தகட்டை நடுவில் வைத்து நான்கு பக்கமும் போல்ட் போட்டு இறுக்குங்கள். முதலில் உங்களுக்குக் கிடைக்கிற மின்சாரப் போறணையின் உள்ளளவைப் பாருங்கள், பிறகு சட்டத்தை வெட்டுங்கள். சட்டம் செய்துவிட்டுப் போறணை தேடுவது மாப்பிள்ளை பார்க்காமல் பந்தல் போட்ட கதைதான். இந்த வேலைக்கு எடுத்த போறணையில் பிறகு சாப்பாட்டுச் சாமான் சுடக் கூடாது.

தகடு வாங்கும்போது 'ஹிப்ஸ்' என்று கேளுங்கள். 1 முதல் 1.5 மில்லிமீற்றர் தடிப்பு சரி. இன்ன பிளாஸ்டிக் என்று கடைக்காரரால் சொல்ல முடியாத தகட்டை வாங்க வேண்டாம். பி.வி.சி. என்றால் கட்டாயம் வேண்டாம். அது அளவு மீறிச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைட் என்ற வாயு வெளியாகும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். ஏற்கெனவே அடுப்புப் புகையில் இருமிக் கொண்டிருக்கிறவர்களுக்கு இதுவும் எதற்கு?

அச்சுக்கு அல்பீசியா பலகை செதுக்க இலேசு. பிளாஸ்டர் ஒப் பாரிஸிலும் வார்க்கலாம், ஆனால் நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் ஆவி கிளம்பித் தகட்டில் கொப்புளம் போடும். ஜூன், ஜூலை மழையில் காயவே காயாது. தையில் தொடங்குங்கள். ரெஜிபோம் அச்சு சூட்டில் சுருங்கிவிடும். அச்சின் பக்கங்கள் மேலே போகப் போகக் கொஞ்சம் சரிந்து ஒடுங்க வேண்டும். கீழே குறுகி மேலே அகன்றால் தகடு கழன்று வராது. பூவேலை, பள்ளம் உள்ள இடங்களில் 1 மில்லிமீற்றர் துளை போட்டால்தான் அங்கே தகடு உள்ளே இறங்கும். 8 அங்குலச் சதுரத்தில் 2 அங்குல உயரம் போதும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 100 சதுர அங்குலத் தகடு இந்த அச்சைப் போர்த்தும்போது ஏறக்குறைய 164 சதுர அங்குலமாக விரிகிறது. அப்படியானால் 1 மில்லிமீற்றர் தகடு சராசரி 0.6 ஆகிவிடும், மூலைகளில் இன்னும் மெல்லிசு. உயரம் கூடக் கூடக் கிழியத்தான் செய்யும்.

இனி இடம். இதை மட்டும் தயவு செய்து இரண்டு தரம் படியுங்கள். லயக் காம்பராவுக்குள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. 2,000 வாட் போறணை 230 வோல்ட்டில் 9 அம்பியர் அளவு இழுக்கும். வெக்கியூம் கிளீனர் இன்னொரு 6 அம்பியர். லைட்டுக்குப் போட்ட 5 அம்பியர் வயர் இதைத் தாங்குமா? சுவருக்குள்ளேயே வயர் உருகும். ஒரு காம்பராவில் பிடித்த தீ அதே கூரைக்குக் கீழே உள்ள பத்துக் காம்பராவுக்கும் போகும். ட்ரிப் சுவிட்ச் உள்ள, தனிப் பவர் பிளக் உள்ள சனசமூக நிலையத்தையோ கோயில் மண்டபத்தையோ கேட்டு வாங்குங்கள். இரண்டு மெஷினையும் ஒரே பிளக்கில் மாட்டாதீர்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

வேலை நடப்பது ஒரு நிமிஷம்தான், ஆனால் இரண்டு பேர் வேண்டும். அச்சைப் பெட்டி மேல் நடுவில் வைத்து, அடியில் நாலு தீக்குச்சி கொடுங்கள், காற்றுப் போக வழி வேண்டுமே. அச்சின் மேல் முகப்பவுடர் கொஞ்சம் தூவுங்கள். போறணையை 150 டிகிரிக்கு வைத்துச் சூடேறியதும் சட்டத்தை உள்ளே வையுங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், தகட்டைப் பாருங்கள். முதலில் அது நெளியும். பிறகு தானாக இழுத்துத் தட்டையாகும். அதன்பின் நடுவில் தொய்யத் தொடங்கும். ஒரு அங்குலம் ஒரே சீராகத் தொய்ந்தால் பதம். புகை வந்தால் பதம் தப்பிவிட்டது, போறணையை நிறுத்திக் கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரும் வெளியே வாருங்கள்.

பதம் வந்ததும் ஒருவர் போறணையை நிறுத்தி வெக்கியூமைப் போட வேண்டும். மற்றவர் தடித்த கையுறையோடு சட்டத்தை எடுத்து ஒரே மூச்சில் பெட்டி மேல் அமுக்க வேண்டும். மூன்று நாலு வினாடிக்கு மேல் போனால் நம்ம ஊர்க் குளிரில் தகடு இறுகிவிடும். அதனால் பெட்டி போறணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். தகடு சட்டென்று அச்சைக் கவ்விப் பிடிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அரை நிமிஷத்தில் வெக்கியூமை நிறுத்துங்கள், காற்று ஓட்டம் இல்லாமல் ஓடினால் மோட்டர் கருகும். யாருக்காவது கை சுட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்காமல் அப்படியே டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள்.

ஆறினதும் ஓரத்தைக் கத்தியால் கீறி மடித்தால் ஒடிந்து வரும். மெல்லிய உப்புத்தாள் போட்டுவிட்டு, தண்ணீரில் கலக்கும் பெயின்ட் மட்டும் பூசுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் இந்தத் தகட்டைத் தின்றுவிடும். உள்ளே ஸ்பொஞ்ச் ஒட்டி இலாஸ்டிக் கட்டினால் தலையில் நிற்கும்.

இன்னொன்றையும் வாத்தியாரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், சொட்டும் துளியும் எரியும், தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தீப்பந்தம் பிடித்து ஆடுகிற எந்த வேஷக்காரருக்கும் இந்தக் கிரீடமோ கவசமோ கட்டக் கூடாது. அவர்களுக்கு மரமும் துணியும்தான். காமன் எரிக்கும் கட்டம் வருவதற்கு முன்பே மதனும் ரதியும் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். யார் கையில் கொடுப்பது என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். அந்த நேரத்துச் சனக்கூட்டத்தில் யாரும் யாரையும் தேட முடியாது.

வெட்டின துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 முதல் நாட்டில் தடை. அடுத்த மாசி வரைக்கும் கிரீடத்தை அடுப்புக்கு மேல் பரணில் வைக்க வேண்டாம், சூட்டில் கோணிவிடும். துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வையுங்கள். அச்சு உளுத்துப் போகாமல் இருந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் இரவல் கொடுக்கலாம்.