காட்டில் வேலை வேண்டுமா? கேமராவுக்கு முன்...

பிளஸ் டூ முடிவு வந்த வீடுகளில் இப்போது புதிதாக ஒரு பேச்சு: "எனக்குக் காட்டுலதான் வேலை." நல்ல ஆசைதான். ஆனால், பையன் தவணையில் கேமரா வாங்குகிறான்; பதறிப்போன அப்பா ஓட்டல் மேனேஜ்மெண்டில் இடம் பிடிக்கிறார்.

வனவியலுக்கு மேட்டுப்பாளையம், காட்டுயிரியல் முதுகலைக்கு மயிலாடுதுறை ஏவிசி கல்லூரி, டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் என்பது பலருக்கும் தெரியும். இந்திய வனப் பணி (ஐஎஃப்எஸ்) தேர்வுக்கு வனவியல்தான் படிக்கவேண்டும் என்பதில்லை. தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகளும் எழுதலாம். ஓட்டல் படிப்புக்குத் தேக்கடிக் காட்டை ஒட்டிய குமுளி ரிசார்ட்டுகளில் வேலை உண்டு. அது காட்டுக்கு வெளியே!

பயப்பட வேண்டியது வைல்ட்லைஃப் போட்டோகிராபிக்குத்தான். டிவியில் ஆப்பிரிக்கப் புல்வெளியைப் பார்த்துப் பிறக்கும் ஆசை அது. தேக்கடியின் பசுமைமாறாக் காட்டிலோ நண்பகலிலும் மங்கிய வெளிச்சம்தான். இருபதடியில் யானை நின்றாலும் புதர் மறைத்துவிடும். இருவாச்சி கண்ணில் படுவதற்குள் சிறகோசை தலைக்கு மேலே கடந்துபோயிருக்கும். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பேண்ட்டில் அட்டை ஏறும். இத்தனைக்கும் பிறகு படத்துக்கு லைக் விழும், சம்பளம் விழாது. வேறு தொழில் சோறு போட, விடுமுறையில் படமெடுப்பவர்களே இதில் அதிகம். பிறகு, இதை முதல் தொழிலாக எடுப்பானேன்?

அதே காட்டில் சத்தமில்லாமல் வேறொன்று நடந்தது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணா (காட்டு இலவங்க) மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை, 1996-இல் தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை ஒரு குழுவாகத் திரட்டியது. களவுக்குப் பழகிய தடங்களிலேயே அவர்கள் பயணிகளை அழைத்துப் போனார்கள், ரோந்தும் சுற்றினார்கள். யானைச் சாணத்தின் ஈரத்தைப் பார்த்தே அது எப்போது கடந்தது என்று கணிக்கும் அறிவுக்கு எந்தக் கல்லூரியிலும் பாடத்திட்டம் இல்லை.

காப்பகத்துக்குள் வழிகாட்டும் வேலை உள்ளூர்க் குழுக்களுக்கே உரியது, அதுதான் நியாயமும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ரிசார்ட் நேச்சுரலிஸ்ட், களஆய்வு உதவியாளர் என்ற வழிகள் திறந்திருக்கின்றன. தொடக்கச் சம்பளம் சுமார்தான். பறவைக் குரல்கள் காதில் படியவே சில பருவங்கள் ஆகும். வாய் மூடி நடக்கவும், ஒன்றுமே தென்படாத நாளில் சலிக்காமல் இருக்கவும் தெரிந்த பிள்ளைக்குத்தான் இது சரிப்படும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேமரா கடைக்கும் கல்லூரி வாசலுக்கும் போகுமுன், தேக்கடியில் ஒரு முழுநாள் நடைக்குப் பிள்ளையை அனுப்பிப் பாருங்கள். கையில் போன் வேண்டாம். திரும்பி வந்து மறுபடி போகவேண்டும் என்று கேட்டால் விண்ணப்பப் படிவம் வாங்கலாம்.