பறக்கக் கற்ற கணிப்பொறி

(கணிப்பொறி மன்றத்தின் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுந்தம் போனானாம்" என்று பாட்டிமார் சொல்வார்கள். எங்கள் கணிப்பொறி மன்றத்தார் இவ்வாண்டு செய்ய முற்பட்டதும் ஏறத்தாழ அத்தகைய செயலே. கணிப்பொறி அறையின் மூலையில் தூசி படிந்திருந்த ஒரு பழைய கணிப்பொறியில் விமானம் ஓட்ட ஆசைப்பட்டோம்! அதனை எவ்வாறு செய்து முடித்தோம், எங்கே தவறினோம், என்ன கற்றோம் என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிமுலேட்டர் என்பது யாது?

தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகுவதற்கான சாதனமே பிளைட் சிமுலேட்டர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில், எட்வின் லிங்க் என்பவரின் தந்தை ஆர்கன் முதலிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். அந்த ஆர்கனின் துருத்திகளையும் காற்றுக் கருவிகளையும் கொண்டே லிங்க் 1929-இல் ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியைத் திருப்பினால், துருத்திகள் விரிந்தும் சுருங்கியும் பெட்டியைச் சாய்க்கும். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களில் வேடிக்கைப் பொருளாகவே விலைபோயிற்று. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் படை தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் விமானிகள் பலரை இழந்தது. அதன் பின்னரே ஆறு பெட்டிகளை விலைக்கு வாங்கியது. நம் சிற்றாலயத்து ஹார்மோனியத்தின் துருத்தியை அசைக்கும்போதெல்லாம் இச்செய்தி எங்கள் நினைவுக்கு வருகிறது.

பின்னர் கணிப்பொறியே சிமுலேட்டர் ஆயிற்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் முதல் பிளைட் சிமுலேட்டர் 1982-இல் வெளிவந்தது. அதற்கு 64 கிலோபைட் நினைவகம் போதுமாயிருந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த அதன் பதிப்புக்குக் குறைந்தது 16 ஜிகாபைட் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள், 2,62,144 மடங்கு!

எங்களிடம் இருந்தது

எங்கள் கணிப்பொறியின் பிராசசர் 2012-ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்டெல் கோர் ஐ5-3470. ரேம் எனப்படும் நினைவகம் 4 ஜிகாபைட். ஹார்ட் டிஸ்க் 500 ஜிகாபைட். ஆப்பரேட்டிங் சிஸ்டம் 32-பிட் விண்டோஸ் 7. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆகவே புதுக் கணிப்பொறி வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுத்தோம். அவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டு, "புதியது வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பழையதால் என்ன முடியவில்லை என்று எழுதவில்லையே, பிள்ளைகளா?" என்று கேட்டார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய மாணவியர் சங்கம் தந்த நன்கொடையிலிருந்து 10,000 ரூபாயை ஒதுக்கி, "இதற்குள் முடியுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் எழுதிக் காட்டுங்கள்" என்றார்கள்.

முதல் முடிவு எளிதாக இருந்தது. பிளைட்கியர் என்னும் சிமுலேட்டர் இலவசமானது; உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் 1990-களிலிருந்து வளர்ந்து வருவது. அதனையே தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாவது முடிவில் தவறவிருந்தோம். பணம் முழுவதற்கும் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று தீர்மானித்து, கடைக்கும் போக ஆயத்தமானோம். எங்கள் கணிப்பொறி ஆசிரியை எங்களை நிறுத்தி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். நாங்கள் விரும்பிய கார்டுக்கு மின்சாரம் தர ஒரு தனி ஒயர் வேண்டும். எங்கள் பவர் சப்ளையில் அத்தகைய ஒயரே இல்லை! கார்டு செருகப்படும் ஸ்லாட்டின் வழியே அதிகமாக 75 வாட் மட்டுமே கிடைக்கும். ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தால் பத்தாயிரம் ரூபாயும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும்.

பந்தியும் கணிப்பொறியும்

ஆசிரியை விளக்கிய உவமையை இங்கே தருகிறோம். திருவிழா விருந்தில் பந்தி நடக்கிறது. சமைப்பவர் பிராசசர். சமையல் மேடை ரேம். அரிசி மூட்டைகள் உள்ள பண்டக அறை ஹார்ட் டிஸ்க். இலையில் பரிமாறுபவர் கிராபிக்ஸ் கார்டு. பந்தி தாமதமானால் உடனே பரிமாற ஆள் கூட்டுவது அறிவுடைமை ஆகாது. சோறு வேகவில்லையா, மேடையில் இடமில்லையா, பண்டக அறை தொலைவிலா என்று முதலில் பார்க்க வேண்டும். மிக மெதுவானவர் யாரோ, அவருடைய வேகமே பந்தியின் வேகம்.

சிமுலேட்டர் வினாடிக்கு 30 படங்கள் காட்டினால்தான் பறப்பது சீராகத் தோன்றும். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 33 மில்லி வினாடி. அதற்குள் பிராசசர் காற்றின் விசைகளைக் கணக்கிட வேண்டும். கிராபிக்ஸ் பகுதி தரையையும் வானையும் வரைய வேண்டும்.

ஆகவே அறிவியல் சோதனை போலவே அளந்தோம். அதே செஸ்னா 172 விமானம், அதே சென்னை விமான நிலையம், அதே வானிலை. வினாடிக்கு 9 படங்களே வந்தன. அது மட்டுமன்று, புதிய நிலப்பகுதி வரும்போதெல்லாம் மூன்று நான்கு வினாடிகள் திரை உறைந்து நின்றது. அவ்வேளைகளில் ரேம் நிரம்பி வழிந்ததையும், ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்ததையும் குறித்துக்கொண்டோம்.

காரணம் இதுதான். ரேமில் இடம் போதாதபோது கணிப்பொறி ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடுக்கிறது. அத்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் முனைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல். முனை நகரும் நேரமும் சேர்ந்தால் ஏறத்தாழ 12 மில்லி வினாடி. ஒரு படத்துக்குரிய 33 மில்லி வினாடியில் இரண்டு மூன்று முறைதான் பண்டக அறைக்குப் போய்வர முடியும். சமையற்காரர் ஒவ்வோர் உப்புக்கல்லுக்கும் ஓடினால் பந்தி என்ன ஆகும்?

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றியது

"ரேமைக் கூட்டிவிட்டால் போதுமே" என்று தோன்றும். போதாது. 32-பிட் முறையில் நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் தரும் கதவு எண் 32 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. ஆகவே மொத்தக் கதவு எண்கள் 4,29,49,67,296. அதாவது 4 ஜிகாபைட். அதற்கு மேல் வீடு கட்டினாலும் எங்கள் விண்டோஸ் 7 என்னும் தபால்காரருக்கு அங்கே போக வழி தெரியாது. எனவே 64-பிட் முறைக்கு மாறுவது கட்டாயமாயிற்று.

எதற்கு மாறுவது? விண்டோஸ் 7-க்கான பராமரிப்பு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான இலவசப் பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என அறிவிக்கப்பட்ட பிராசசர்களின் பட்டியலில் எங்களுடையது இல்லை. லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 24.04 இலவசம், 2029 வரை பராமரிப்பு உண்டு, பிளைட்கியர் அதில் இயங்கும். அதனையே ஏற்றோம்.

ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் எட்டு ஆண்டுகளின் ஆண்டுவிழாப் படங்கள் இருந்தன. எங்களுக்குத் தையல் கற்பித்து, இரண்டாண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்த சிஸ்டரின் கடைசிப் படங்களும் அவற்றில் அடக்கம். எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, அழிப்பதற்கான பட்டனை அழுத்தக் கையை நீட்டினோம். எங்களில் ஒருத்தி, "எண்ணிப் பார்த்தோமா?" என்றாள். எண்ணினோம். இங்கே 2,316 கோப்புகள், அங்கே 2,290. இருபத்தாறு கோப்புகள் வந்து சேரவில்லை! அவை எவை என்று தேடினால், தையல் சிஸ்டரின் படங்கள் இருந்த அதே உறை. மீண்டும் பிரதி எடுத்து, எண்ணி, வேறொரு கணிப்பொறியில் ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தோம். அதன் பிறகே பட்டனை அழுத்தினோம். பிரதி எடுத்தோம் என்று நினைப்பது வேறு, பிரதி இருக்கிறது என்று அறிவது வேறு. வீட்டில் கணிப்பொறியை மாற்ற விரும்பும் பெற்றோர் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

ஒவ்வொன்றாக மாற்றியது

ரேமுக்கு நாங்கள் பணம் செலவிடவில்லை. பழுதாகிக் கழித்துக் கட்டிய அதே வகைக் கணிப்பொறிகள் மூன்று பண்டக அறையில் இருந்தன. அவற்றின் 4 ஜிகாபைட் ரேம்களைக் கழற்றி எடுத்தோம். இவை டி.டி.ஆர்.3 வகை, வேறு வகை ரேமில் வெட்டுக்குறி வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் பொருந்தாது. நான்கையும் செருகிச் சுவிட்சைப் போட்டோம். திரை கறுப்பு, பெட்டி மட்டும் பீப், பீப் என்று அலறியது. இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று எங்களில் இருவர் அழுதேவிட்டனர். ஆசிரியை சுவிட்சை அணைத்து, ரேமின் இரு முனைகளையும் கட்டை விரல்களால் 'டக்' என்ற ஓசை வரும்வரை அழுத்தினார். உடனே 16 ஜிகாபைட் என்று திரையில் எழுத்து தோன்றியது! அன்றிரவு முழுவதும் ரேம் சோதனையை ஓடவிட்டு, பிழையில்லை என்று மறுநாள் உறுதி செய்தோம்.

மீண்டும் அளந்தோம். படங்கள் 11. உறைந்து நிற்பது பெரிதும் குறைந்தது. எனினும் சிமுலேட்டர் தொடங்கவே ஆறு நிமிடம் ஆயிற்று. அசையும் உறுப்பே இல்லாத 500 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, உபுண்டுவை அதில் ஏற்றினோம். ஆறு நிமிடம் ஒன்றரை நிமிடமாயிற்று. ஆனால் படங்கள் அதே 11! எஸ்.எஸ்.டி. பண்டக அறையை அருகில் கொண்டுவரும். பரிமாறும் கையை விரைவாக்காது.

பரிமாறுபவர்தான் தாமதமா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. திரையின் நுணுக்கத்தை 1600-க்கு 900 என்பதிலிருந்து 800-க்கு 600 ஆகக் குறைத்தோம். வரைய வேண்டிய புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காயின. படங்கள் 22 ஆக உயர்ந்தன. பிராசசரின் வேலை மாறவில்லை. வரையும் வேலை குறைந்ததும் வேகம் கூடிற்று. அப்படியானால் குறை கிராபிக்ஸ் பகுதியில்தான். இப்போதுதான் கார்டு வாங்கக் காரணம் கிடைத்தது! தனி ஒயர் வேண்டாத, 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். அதற்குரிய டிரைவரை ஏற்றியதும் 34 படங்கள் வந்தன.

மறுபடியும் நுணுக்கத்தைக் குறைத்துப் பார்த்தோம். 36. ஏறத்தாழ மாற்றமில்லை. இனித் தாமதம் பிராசசரால். அதைவிடப் புதிய தலைமுறைப் பிராசசருக்கு மாறப் புது மதர்போர்டே வேண்டும். எனவே அங்கே நிறுத்திக்கொண்டோம். எங்கே நிறுத்துவது என்பதையும் அளவுகோலே சொல்லிற்று.

கணக்கும் முடிவும்

எஸ்.எஸ்.டி. 2,900 ரூபாய். கார்டு 5,200 ரூபாய். தூசி தட்டும் தூரிகையும், பிராசசரின் மேல் இடும் பசையும் 250 ரூபாய். ஆக மொத்தம் 8,350. மீதி 1,650 ரூபாயைக் கணக்கு நோட்டுடன் சிஸ்டரிடம் ஒப்படைத்தோம். அவர்கள் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, எங்கள் பழைய விண்ணப்பத்தை மேசை அறையிலிருந்து எடுத்து அருகில் வைத்துச் சிரித்தார்கள்.

எங்கள் வகுப்பில் விமானியாக வேண்டும் என்று உறுதி கொண்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. 1936-லேயே சரளா தக்ரால் என்னும் இந்தியப் பெண்மணி விமானி உரிமம் பெற்றார் என்று எங்களுக்குச் சொன்னவள் அவளே. பள்ளிக் கணிப்பொறியில் பறக்கும் நேரம் உரிமத்துக்குக் கணக்காகாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆயினும் முதல் இருக்கை அவளுக்கே தரப்பட்டது. சென்னையின் 07-ஆம் ஓடுபாதை. திசைகாட்டியில் ஏறத்தாழ 70 பாகையை நோக்கியிருப்பதால் அந்த எண். வேகம் 55 நாட், அதாவது மணிக்கு 102 கிலோமீட்டர் ஆனதும் மெல்லக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தாள். தரை கீழே இறங்கிற்று; சற்று நேரத்தில் எதிரே கடல் விரிந்தது. அறையில் ஒருவரும் பேசவில்லை. இறங்கும்போது மூன்று முறை விமானத்தை உடைத்தாள். நான்காம் முறை, சற்றே குலுங்கினாலும், பாதையின் நடுவிலேயே இறக்கி நிறுத்தினாள்.

அன்புத் தோழியரே! சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அந்த மூலைக் கணிப்பொறி உங்களுக்காகக் காத்திருக்கும். பறந்து பாருங்கள். உங்கள் வீட்டிலும் பழைய கணிப்பொறி ஒன்று மெதுவாக ஓடினால், கடைக்குப் போகுமுன், சிஸ்டர் எங்களைக் கேட்ட கேள்வியை அதனிடம் கேட்டுப் பாருங்கள்: "உன்னால் என்ன முடியவில்லை?" அளந்து கேட்டால், அது உண்மையையே சொல்லும்.